ஆய்வுக்கட்டுரையின் பதிப்புரிமையும் திறந்த உரிமமும்: ஆய்வாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கட்டுரை ஏற்கப்பட்டது என்று மின்னஞ்சல் வரும். கூடவே ஓர் இணைப்பு, உரிமப் படிவத்தை உடனே நிரப்பச் சொல்லி. மாதக்கணக்கில் காத்திருந்த மகிழ்ச்சியில் கட்டம் கட்டமாகச் 'சம்மதம்' என்று அழுத்திவிட்டு வந்துவிடுவோம். என் முதல் கட்டுரைக்கு நானும் அப்படித்தான் செய்தேன். பிறகு நானே வரைந்த ஒரு படத்தை இன்னொரு கட்டுரையில் போட, நானே ஒரு பதிப்பகத்திடம் அனுமதி கேட்டு எழுத வேண்டி வந்தது.

அந்தப் படிவம் கடைசிப் படி. அதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை, கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். ஏற்கப்பட்ட பிறகு பேரம் பேச இடம் குறைவு, நேரம் அதைவிடக் குறைவு.

ஒரு சொல்லைப் பற்றி முதலில். தமிழில் 'காப்புரிமை' என்று சிலர் பேடன்ட்டைச் சொல்கிறார்கள், சிலர் காப்பிரைட்டைச் சொல்கிறார்கள். இரண்டும் வேறு சட்டங்கள். இங்கே காப்பிரைட்டுக்குப் பதிப்புரிமை என்றும், மற்றதற்குப் பேடன்ட் என்றுமே எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

நிதி ஒப்பந்தத்தை எடுத்து வையுங்கள். உங்களுடையது மட்டும் போதாது. கூட்டாசிரியர்களில் யாராவது ஒருவருக்கு வேறொரு நிதியம் பணம் தந்திருந்தால், அந்த நிதியத்தின் நிபந்தனையும் இதே கட்டுரைக்குப் பொருந்தும். இதை யாரும் கேட்பதில்லை. கட்டுரை வெளியான பிறகு அவர் நிதியத்துக்கு அறிக்கை எழுதும்போதுதான் வெளியே வரும்.

அடுத்தது, நீங்கள் வேலை பார்க்கும் அல்லது படிக்கும் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கை. மூன்றாவதாக ஒரு பட்டியல்: கட்டுரையில் உள்ள ஒவ்வொரு படமும், அட்டவணையும், வினாத்தாளும் எங்கிருந்து வந்தது என்று. வினாத்தாளை மறந்துவிடாதீர்கள். நினைவாற்றலைச் சோதிக்க மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் எம்எம்எஸ்இ வினாத்தாளே பதிப்புரிமைக்கு உட்பட்டதுதான்.

ஆய்வில் பேடன்ட் எடுக்கக்கூடிய கண்டுபிடிப்பு ஏதாவது இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள். வெளியிட்ட பிறகு விண்ணப்பித்தால் 'புதுமை' போய்விட்டது என்று பல நாடுகளில் நிராகரித்துவிடுவார்கள். இதழில் வரும் முன்பே கட்டுரையைப் பொதுவில் வைக்கும் முன்பதிப்புத் தளத்தில் ஏற்றுவதும் வெளியீடுதான். முதலில் விண்ணப்பம், அப்புறம் கட்டுரை.

2. உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

தன்னிடம் இல்லாததை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அதனால்தான் இந்தப் படி முன்னால் வருகிறது.

எழுதி முடித்த கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, வட்டத்துக்குள் 'சி' போட வேண்டியதில்லை. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் இதுதான் நிலை. ஆனால் அந்த உரிமை காப்பது நீங்கள் எழுதிய வாக்கியங்களையும் வரைந்த படங்களையும் மட்டுமே. கருத்து, முறை, கண்டறிந்த உண்மை, அளந்த எண் எதையும் அது காக்காது. 'என் ஐடியாவைத் திருடிவிட்டார்கள்' என்பது ஆய்வு அறம் சார்ந்த புகாராக இருக்கலாம். பதிப்புரிமைப் புகார் ஆகாது.

சம்பளத்துக்கு எழுதியதென்றால் பல நாட்டுச் சட்டங்களில் உரிமை முதலாளியிடம் போகும். பல பல்கலைக்கழகங்கள் ஆய்வுக்கட்டுரைகளுக்கு மட்டும் அதை விட்டுக்கொடுத்துவிடுகின்றன. தனியார் ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பதில்லை. அமெரிக்க மத்திய அரசு ஊழியர் தன் பணியின் பகுதியாக எழுதியதற்கு அந்த நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. இதழின் படிவத்தில் அவர்களுக்குத் தனிக் கட்டம் இருக்கும். கூட்டாசிரியர்களில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் சேர்ந்து எழுதினால் உரிமையும் பொதுவானது. இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் தொடர்பாசிரியர் எல்லோர் சார்பிலும் கையெழுத்திடுவார். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால், ஒரே ஒரு மின்னஞ்சலை எல்லோருக்கும் அனுப்பி, 'இந்த உரிமத்தில் வெளியிடச் சம்மதம்' என்ற பதிலை வாங்கி வைத்துவிடுங்கள். பிற்காலச் சண்டைகள் பாதி அதிலேயே ஓய்ந்துவிடும்.

3. நிதியம் என்ன கேட்கிறது?

இதை இதழைத் தேர்ந்தெடுக்கும் முன் படிக்க வேண்டும். நிதியம் கேட்பதைத் தர முடியாத இதழுக்கு அனுப்பி, ஆறு மாதம் மதிப்பீட்டில் காத்திருந்து, கடைசியில் திரும்பப் பெற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டனின் அரசு ஆய்வு நிதியமான யூகேஆர்ஐ, 2022 ஏப்ரல் 1 முதல் சமர்ப்பிக்கப்படும் கட்டுரைகள் வெளியான உடனே திறந்திருக்க வேண்டும், பொதுவாக சிசி பை (ஆசிரியர் பெயரைச் சொன்னால் யாரும் பயன்படுத்தலாம் என்னும்) உரிமத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் அரசு மருத்துவ ஆய்வு நிதியமான என்ஐஎச், 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளின் கையெழுத்துப்படி (பதிப்பகம் பக்கம் வடிவமைக்கும் முன் உள்ள வடிவம்), வெளியாகும் நாளிலேயே பப்மெட் சென்ட்ரல் என்ற இலவச இணையக் களஞ்சியத்தில் கிடைக்க வேண்டும் என்கிறது. முன்பு இருந்த 12 மாதத் தாமதம் இப்போது இல்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது உரிமத்தின் பெயரையே குறிப்பிடுகிறது. இரண்டாவது, எங்கே, எப்போது படிக்கக் கிடைக்க வேண்டும் என்பதில் நிற்கிறது. உங்கள் நிதியம் எந்த வகை என்று ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிகளில் அந்த வரிதான் அளவுகோல்.

4. இதழின் விதியை, எந்தப் பதிப்புக்கு என்று பார்த்துப் படியுங்கள்

ஒரே கட்டுரைக்கு மூன்று வடிவங்கள் உண்டு. முதலில் சமர்ப்பித்தது. பிறகு மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தமெல்லாம் முடிந்து, ஆசிரியர் குழு ஏற்றுக்கொண்ட கையெழுத்துப்படி. கடைசியாக, பதிப்பகம் பக்கம் வடிவமைத்து, இலச்சினை போட்டு வெளியிடும் இறுதிப் பதிப்பு. இதழ்கள் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு விதி வைத்திருக்கும். 'பகிரலாம்' என்று மட்டும் படித்துவிட்டு இறுதிப் பதிப்பின் பிடிஎஃப்பைத் தன் பக்கத்தில் ஏற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அனுமதி பெரும்பாலும் நடுவில் உள்ளதற்குத்தான்.

இதழ்வாரியான விதிகளை ஷெர்பா ரோமியோ என்ற தரவுத்தளத்தில் தேடலாம். ஜிஸ்க் அமைப்பு இப்போது அதை 'ஓப்பன் பாலிசி ஃபைண்டர்' என்ற பெயரில் நடத்துகிறது. எந்த வடிவம், எங்கே, எத்தனை மாதம் கழித்து, எந்த உரிமத்தில் என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இதழின் சொந்தப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. வெளியீட்டுக் கட்டணம் கட்டினால் திறந்த உரிமம் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எந்த உரிமம் என்பது தனிக் கேள்வி. உங்கள் நிறுவனம் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தால் கட்டணமே இல்லாமல் போகலாம். ஆனால் பெரும்பாலும் தொடர்பாசிரியரின் நிறுவனத்தைப் பார்த்துத்தான் அதை முடிவு செய்கிறார்கள். ஜிமெயில் முகவரியோடு சமர்ப்பித்துவிட்டுக் கட்டண ரசீதைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு. கட்டண விலக்கு வேண்டுமென்றால் சமர்ப்பிக்கும்போதே கேளுங்கள். ஏற்கப்பட்ட பிறகு கேட்டால் பல இதழ்கள் காதில் வாங்குவதில்லை.

5. உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள்

'சிசி' என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் சுருக்கப் பெயர். ஆக்கத்தைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் அதன் உரிமங்கள் ஆறு. எல்லாவற்றிலும் 'பை' உண்டு: ஆசிரியர் பெயரைச் சொல்ல வேண்டும். அதோடு மூன்று நிபந்தனைகள் சேரலாம். எஸ்ஏ என்றால், மாற்றியமைத்தவர் தன் ஆக்கத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். என்சி என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. என்டி என்றால் மாற்றியமைத்ததைப் பகிரக் கூடாது. இப்போது புழக்கத்தில் உள்ளது 2013இல் வந்த 4.0 பதிப்பு.

பயத்தில் எல்லா நிபந்தனையையும் சேர்த்து சிசி பை-என்சி-என்டி எடுப்பவர்கள் அதிகம். 'யாரோ என் உழைப்பில் காசு பார்த்துவிடுவார்களே' என்பது நியாயமான பயம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள்.

என்டி போட்டால் உங்கள் கட்டுரையை இன்னொரு மொழியில் பெயர்த்து யாரும் வெளியிட முடியாது, மொழிபெயர்ப்பும் மாற்றியமைத்தல்தான். படத்தில் உள்ள குறிப்புகளைத் தமிழில் மாற்றிப் பாடக் குறிப்பில் போட்டு மாணவர்களுக்குப் பகிர ஓர் ஆசிரியர் விரும்பினாலும் உங்களைத் தேடிவர வேண்டும். என்சி போட்டால் விக்கிமீடியா காமன்ஸில் உங்கள் படம் ஏறாது. அங்கே என்சி, என்டி இரண்டையும் ஏற்பதில்லை. அதனால் விக்கிப்பீடியாக் கட்டுரைக்குள்ளும் அது போகாது.

அதைவிடப் பெரிய பொறி வேறொன்று. சில இதழ்களில் என்சி தேர்ந்தெடுத்தால், வாசகர்களுக்கு என்சி உரிமம் கிடைக்கும். வணிக உரிமை மட்டும் தனி ஒப்பந்தத்தில் பதிப்பகத்துக்குப் போகும். 'யாரும் விற்கக் கூடாது' என்று நினைத்து நீங்கள் போட்ட கையெழுத்துக்கு, 'பதிப்பகம் மட்டும் விற்கலாம்' என்று பொருளாகிவிடுகிறது. மருந்து நிறுவனங்கள் கட்டுரைப் பிரதிகளை மொத்தமாக வாங்கும் துறைகளில் இது சின்ன விஷயமில்லை.

என் கருத்து: ஆய்வுக்கட்டுரைக்கு சிசி பை போதும். கட்டுரையால் நமக்குக் கிடைப்பது பெயரும் மேற்கோளும். அவற்றை அது காக்கிறது. பயன்படுத்துபவர் பெயர் சொல்ல வேண்டும், மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்ல வேண்டும், நீங்கள் ஆதரிப்பது போலக் காட்டக் கூடாது. நோயாளி படங்கள், ஒரு சமூகத்தின் வாய்மொழிக் கதைகள் போன்றவை இருக்கும் கட்டுரைக்கு மட்டும் நான் தயங்குவேன். அங்கும் முதலில் கேட்க வேண்டியது எந்த உரிமம் என்பதல்ல, வெளியிடச் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதம் இருக்கிறதா என்பதுதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. கோப்பைத் தளத்திலிருந்து எடுத்துவிடலாம். முன்பே பெற்றவர்கள் அந்த உரிமத்தின்படி தொடர்ந்து பயன்படுத்தலாம்.

6. பிறருடைய படங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்து வையுங்கள்

முதல் படியில் எழுதிய பட்டியலை இப்போது எடுங்கள். வேறொரு கட்டுரையிலிருந்து வந்த படத்துக்கு, அது நீங்களே எழுதிய கட்டுரையாக இருந்தாலும், உரிமை யாரிடம் என்று பார்க்க வேண்டும். அனுமதி வர வாரக்கணக்கில் ஆகும். அதனால் சமர்ப்பிக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

அனுமதி கேட்கும்போது 'என் கட்டுரையில் பயன்படுத்த' என்று மட்டும் எழுதாதீர்கள். இதழின் பெயர், மின்வடிவம், உலகம் முழுவதும், இந்தத் திறந்த உரிமத்தில் என்று நான்கையும் எழுதுங்கள். அச்சுக்கு மட்டும் வந்த அனுமதி இணைய இதழுக்கு உதவாது. உரிமையாளர் படத்தைப் போடச் சம்மதித்து, திறந்த உரிமத்துக்கு மறுத்தால், படத்தின் கீழ் இப்படி ஒரு வரி வேண்டும்: 'படம் 3 உரிமையாளரின் அனுமதியோடு மறுபதிப்பு செய்யப்பட்டது, இக்கட்டுரையின் சிசி பை உரிமம் இப்படத்துக்குப் பொருந்தாது.' அந்த வரி இல்லையென்றால், உங்களுடையதல்லாத ஒன்றை ஊருக்கே தானம் செய்ததாக ஆகிவிடும்.

சிசி பை படமென்றால் அனுமதி தேவையில்லை, நன்றி வரி மட்டும் தேவை. படைப்பாளர் பெயர், மூலத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயரும் இணைப்பும், செய்த மாற்றம். 'இணையத்திலிருந்து பெறப்பட்டது' என்பது நன்றி வரி ஆகாது.

'திரும்ப வரைந்துவிட்டேன், இனிப் பிரச்சினை இல்லை' என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. எண்கள் யாருக்கும் சொந்தமில்லை. அவற்றிலிருந்து புதிதாக வேறு வகை வரைபடம் போட்டால் அது உங்களுடையது, மூலத்தை மேற்கோள் காட்டினால் போதும். ஆனால் ஒருவர் கற்பனை செய்து வரைந்த விளக்கப்படத்தை, நிறத்தை மட்டும் மாற்றி அதே அமைப்பில் வரைந்தால் அது தழுவல். அதற்கு அனுமதி வேண்டும்.

7. சமர்ப்பிக்கும்போது எழுத வேண்டிய ஒரு வாக்கியம்

கட்டுரைகள் யாரும் படிக்கவும் மறுபயன்பாடு செய்யவும் கிடைக்க வேண்டும் என்ற 'திறந்த அணுகலுக்காக' ஒன்றுசேர்ந்த கோஅலிஷன் எஸ் நிதியங்கள் 2020இல் முன்வைத்த உரிமை தக்கவைப்பு உத்தியின் சாரம் ஒரே வாக்கியம். முகப்புக் கடிதத்திலும், கட்டுரையின் நன்றியுரையிலும் சேர்க்க வேண்டியது: 'திறந்த அணுகலுக்காக, இச்சமர்ப்பிப்பிலிருந்து உருவாகும் ஏற்கப்பட்ட கையெழுத்துப்படிக்கு ஆசிரியர் சிசி பை உரிமம் வழங்கியுள்ளார்.'

இதை ஏன் இப்போதே எழுத வேண்டும்? பின்னால் வரும் ஒப்பந்தத்துக்கு முன்பே உரிமம் தரப்பட்டுவிட்டது என்பதற்கு இது எழுத்துச் சான்று. பதிப்பகம் படித்துவிட்டுத்தான் மதிப்பீட்டுக்கு அனுப்புகிறது என்றாகிறது. சில பதிப்பகங்கள் இதை விரும்புவதில்லை. கட்டணம் கட்டும் வழிக்குத் திருப்பிவிடப் பார்க்கும். அது முதல் நாளே தெரிந்தால் வேறு இதழுக்குப் போகலாம்.

முன்பதிப்பு ஏற்றுவதென்றால் அங்கும் ஓர் உரிமம் கேட்பார்கள். ஆர்க்கைவ் (arXiv) என்ற முன்பதிப்புத் தளத்தில் சிசி உரிமங்களோடு தளத்தின் சொந்த உரிமமும் உண்டு. அது விநியோகிக்கும் அனுமதியைத் தளத்துக்கு மட்டும் தருகிறது, வாசகருக்கு மறுபயன்பாட்டு உரிமை எதுவும் தருவதில்லை. எந்த இதழ் என்று முடிவாகாதவரை அதுவே பாதுகாப்பு. முன்பதிப்பை சிசி பை-யில் போட்டுவிட்டு, உரிமையைத் தனக்கு மட்டுமே கேட்கும் இதழுக்கு அனுப்பினால், கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் முடியாது, கேட்பதைக் கொடுக்கவும் முடியாது.

8. படிவத்தைப் படியுங்கள்

ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்று முதலில் ஒரு வேலை: ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். பிறகு தேடினால் பதிப்பகம் வடிவமைத்து அனுப்பிய மெய்ப்புதான் கிடைக்கும். அது, கட்டுரைகளைப் பொதுவில் வைக்கும் இணையக் களஞ்சியத்தில் நீங்கள் ஏற்றக்கூடிய வடிவம் அல்ல.

இப்போது படிவம். தலைப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், வினைச்சொற்களைப் பாருங்கள். 'மாற்றிக் கொடுக்கிறேன்' என்றால் உரிமை அவர்களிடம் போகிறது. 'தனியுரிமம் வழங்குகிறேன்' என்றால் பெயரளவில் உங்களிடம் இருக்கிறது. ஆனால் நீங்கள்கூட அவர்கள் அனுமதித்த அளவுதான் பயன்படுத்தலாம். பத்திரம் உங்கள் பெயரில், சாவி அவர்கள் கையில். 'தனியுரிமையற்ற உரிமம் வழங்குகிறேன்' என்றால்தான் வீடும் சாவியும் உங்களுடையது.

அடுத்து, இப்படி ஒரு வரி வரும்: இப்போதுள்ள, இனிமேல் உருவாகப்போகும் எல்லா வடிவங்களிலும், எல்லா மொழிகளிலும், உலகெங்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும். மொழிபெயர்ப்பு உரிமையும் இதற்குள் போய்விடுகிறது. அந்த வரிக்குப் பிறகு 'ஆசிரியர் தக்கவைக்கும் உரிமைகள்' என்று ஒரு பகுதி இருக்கிறதா என்று தேடுங்கள். ஆய்வேட்டில் சேர்ப்பது, வகுப்பில் தருவது, களஞ்சியத்தில் ஏற்றுவது, படங்களை மறுபயன்பாடு செய்வது, மொழிபெயர்ப்பது: இதில் எது இல்லையோ அது உங்களிடம் இல்லை.

இல்லாததைக் கேட்கலாம். ஸ்பார்க் அமைப்பு வெளியிட்டுள்ள ஆசிரியர் இணைப்பொப்பந்தம் இதற்கென்றே உள்ளது. நிரப்பி, படிவத்தோடு சேர்த்து அனுப்பலாம். இணையப் படிவத்தில் இடம் இல்லையென்றால், பொத்தானை அழுத்தும் முன் ஆசிரியர் குழுவுக்கு இரண்டு வரி எழுதுங்கள். எது வேண்டும், எந்த நிதியத்தின் எந்த விதி காரணம் என்று. கேட்டால் கட்டுரையை நிராகரித்துவிடுவார்களோ என்ற பயம் புதியவர்களுக்கு உண்டு. ஏற்பு முடிவு ஆய்வின் தரத்தைப் பார்த்து எடுத்தது. படிவம் வேறு மேசை. மறுப்பார்களே தவிர, கேட்டதற்காகத் தண்டித்து நான் பார்த்ததில்லை.

கையெழுத்திட்ட பிரதியைச் சேமியுங்கள். பல தளங்களில் பொத்தானை அழுத்தியதும் அந்தப் பக்கம் மறைந்துவிடும். திரும்பப் பார்க்க வழியில்லை.

9. தரவுக்கும் நிரலுக்கும் தனி உரிமம்

கட்டுரையின் உரிமம் இணைப்புக் கோப்புகளுக்குத் தானாகப் பரவும் என்று நம்ப வேண்டாம்.

நிரலுக்கு சிசி உரிமம் பொருந்தாது. அந்த அமைப்பே பரிந்துரைப்பதில்லை. எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் போன்ற நிரல் உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உரிமக் கோப்பை நிரலோடு வையுங்கள். அப்பாச்சியில் பேடன்ட் அனுமதியும் சேர்ந்தே வருகிறது. கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் பொதுவில் இருக்கிறது என்பதாலேயே அது திறந்த நிரல் ஆகிவிடாது. உரிமம் இல்லாத நிரலை மற்றவர்கள் படிக்கலாம், தங்கள் நிரலில் எடுத்தாள உரிமை இல்லை.

தரவுக்கு, எந்த நிபந்தனையும் இல்லாமல் உரிமையை விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோ நல்லது. ட்ரையாட் களஞ்சியம் அதையே கட்டாயமாக்கியிருக்கிறது. நூறு தரவுத்தொகுப்புகளைச் சேர்த்து ஆராய்பவர் ஒவ்வொன்றுக்கும் சட்டப்படி நன்றி வரி எழுத வேண்டியிருந்தால் வேலை நகராது. சிசி ஜீரோ கொடுத்தால் மேற்கோள் கிடைக்காதோ என்று கவலைப்பட வேண்டாம். மேற்கோள் காட்டுவது சட்டத்தால் வந்ததல்ல, ஆய்வு நெறியால் வந்தது. அந்த நெறி அப்படியே இருக்கிறது.

10. வெளியான அன்று சரிபாருங்கள்

மூன்று இடங்களைப் பாருங்கள்: இணையப் பக்கம், பிடிஎஃப்பின் முதல் பக்கம், கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃபில் உள்ள மேல்தரவு (கட்டுரை பற்றிய விவரங்கள்). மூன்றிலும் ஒரே உரிமம் இருக்க வேண்டும். பக்கத்தில் சிசி பை, பிடிஎஃப்பில் 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று முரணாக வெளியானதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாசகர் எதை நம்புவார்? அன்றே எழுதினால் திருத்திவிடுவார்கள். ஆண்டுகள் கழித்துத் திருத்துவது கடினம்.

உரிமை வரியில் யார் பெயர் என்றும் பாருங்கள். ஆசிரியர்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பகத்தின் பெயர் இருந்தால், நீங்கள் கையெழுத்திட்ட பிரதியோடு ஒப்பிடுங்கள். 'இலவசமாகப் படிக்கலாம்' என்று மட்டும் இருந்து உரிமத்தின் பெயர் இல்லையென்றால் அது திறந்த அணுகல் இல்லை. நாளையே பூட்டிவிடலாம்.

அன்றே கையெழுத்துப்படியைக் களஞ்சியத்திலும் ஏற்றிவிடுங்கள். தடைக்காலம் (பொதுவில் திறக்கும் முன் காத்திருக்க வேண்டிய மாதங்கள்) இருந்தால் அந்தத் தேதியைக் களஞ்சியத்திலேயே குறிக்கலாம்; நாள் வந்ததும் தானாகத் திறக்கும். தடைக்காலத்தைப் பெரும்பாலும் வெளியான நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள், ஏற்கப்பட்ட நாளிலிருந்து அல்ல.

11. ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்ட கட்டுரைகளுக்கு

பழைய கட்டுரைகள் எல்லாவற்றையும் ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு இதழின் இன்றைய விதியையும் நான்காவது படியில் சொன்ன தரவுத்தளத்தில் பாருங்கள். அன்று தடுத்த இதழ் இன்று கையெழுத்துப்படியை அனுமதித்திருக்கலாம். பழைய ஆண்டுகளுக்கும் அது பொருந்துமா என்பதை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு எழுதுங்கள்: கட்டுரையின் தலைப்பு, டிஓஐ எண், எந்த வடிவம், எந்தக் களஞ்சியம். ஒரு கட்டுரைக்கு ஒரு மின்னஞ்சல். பத்தையும் சேர்த்துக் கேட்டால் பதில் வருவது அரிது. வந்த பதிலைக் கையெழுத்துப்படி இருக்கும் அதே கோப்புறையில் போட்டு வையுங்கள்.